மரத்துப்போன கால்

ஆண்டு மலருக்குக் கட்டுரை என்றால் விடுதி நாட்கள், மெஸ் சாம்பார், லேப் ரெக்கார்டு, கடைசி நாள் அழுகை என்று எழுதுவதுதான் வழக்கம். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதும் நண்பர்கள் இந்த மலரில் உண்டு. எனவே நான் கொஞ்சம் வரலாறு எழுதப் போகிறேன். "இன்ஜினீயருக்கு எதுக்கப்பா வரலாறு?" என்று கேட்காதீர்கள். ஜவ்வாது மலையைச் சுற்றியே நடந்த வரலாறு இது. ஒரு செருப்பின் வரலாறும் கூட!

என் வேலை பம்பு, பைப்பு, மோட்டார் சம்பந்தப்பட்டது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து நண்பர்கள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள்: "உன் விசுவாசத்துக்கும் உன் வேலைக்கும் என்ன சம்பந்தம்? பம்புக்கு ஞானஸ்நானம் கொடுப்பியா?" கிண்டல்தான். ஆனாலும் கேள்வி நியாயமானது. இதற்குத் தத்துவமாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன், பதில் அதற்குள் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

கொல்லிமலையில் ஒரு தச்சர்

ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எல்லாம் ஒரே கிழக்குத் தொடர்ச்சி மலைக் குடும்பத்தின் அண்ணன் தம்பிகள். இவற்றில் பெரும்பாலும் வாழ்கிறவர்கள் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது, பேசுவது தமிழ். சாமையும் தினையும் விளைவித்து, மலையை நம்பி வாழும் மக்கள்.

கொல்லிமலைக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி வந்தார். மனைவி பெயர் ஈவ்லின். ஜெஸ்ஸி பிரசங்கம் மட்டும் செய்துவிட்டுப் போகிறவர் இல்லை. கட்டடம் கட்டினார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார், பயிர் பற்றிப் பேசினார், மருந்து கொடுத்தார். இவர்களின் மகன் பால் பிராண்ட் 1914 ஜூலையில் பிறந்தான். ஒன்பது வயதில் படிப்புக்காக அவனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-இல் மலைக் காய்ச்சலின் கொடிய வடிவம் ஒன்று கண்டு ஜெஸ்ஸி இறந்தார். தந்தியில் செய்தி போய்ச் சேர்ந்த பிறகும், அப்பா முன்பே எழுதிய கடிதங்கள் கப்பலில் ஒவ்வொன்றாக மகனுக்கு வந்துகொண்டே இருந்தனவாம்.

பால் முதலில் மருத்துவம் படிக்கவில்லை. அப்பாவைப் போல மலையில் வீடு கட்டிக்கொடுக்கப் போகிறேன் என்று கட்டடத் தொழில் கற்றார். தச்சு, கொத்து வேலை எல்லாம் சில வருடம் கையால் செய்தார். பிறகுதான் லண்டனில் மருத்துவம், அறுவைச் சிகிச்சை. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் சிறிய மருந்தகமாகத் தொடங்கி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியாக வளர்த்த இடம் அது. சி.எம்.சி. என்று சொன்னால் நம்ம ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

அம்மா ஈவ்லின் கதை தனி. ஓய்வு வயது வந்தபோது மிஷன் சங்கம் "போதும் அம்மா" என்றது. அவர் ஓய்வூதியக்காரராக மலைமேல் ஏறிவிட்டார்! மட்டக்குதிரை மேல் ஏறி மலை மலையாகப் போய் மருத்துவம் பார்த்தார். 1974-இல், தம் 95ஆம் வயதில் இறந்தார்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

1947-இல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையின் டாக்டர் ராபர்ட் காக்ரேன், பால் பிராண்டைத் தம் இடத்துக்கு அழைத்துப் போனார். காக்ரேன் தோல் மருத்துவ நிபுணர். "எலும்பு டாக்டர்கள் யாரும் இந்த நோயாளிகளை எட்டிப் பார்ப்பதில்லையே, ஏன்?" என்பது அவர் ஆதங்கம்.

அந்தக் காலத்தில் பொதுவாக நம்பப்பட்டது இதுதான்: தொழுநோய் வந்தால் சதை அழுகும், விரல் தானாக விழும், ஒன்றும் செய்ய முடியாது. பிராண்ட் ஒரு நோயாளியிடம், மடங்கிப்போன விரல்களால் தம் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடி இரும்புப் பிடியாக இருந்தது! வலி தாங்காமல் கையை இழுத்துக்கொண்டார். அழுகிப்போன கைக்கு இவ்வளவு பலம் எப்படி வரும்?

அதன் பிறகு நோயாளிகளின் கைகளைத் தசை தசையாகச் சோதித்தார்கள். நோய்க் கிருமி சில நரம்புகளைச் சில குறிப்பிட்ட இடங்களில்தான் கெடுக்கிறது. முழங்கைக்கு மேலே ஒன்று, மணிக்கட்டுக்கு மேலே ஒன்று என்று. அதனால் உள்ளங்கையின் சிறிய தசைகள் செயலிழக்கின்றன, முன்கையின் பெரிய தசைகள் பிழைத்துக்கொள்கின்றன. கை மடங்கிப்போவது இந்த ஏற்றத்தாழ்வினால்தான்.

விரல்கள் குறைவது எதனால்? அதற்கும் விடை கிடைத்தது. சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாத கை, சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறது. துருப்பிடித்த பூட்டைச் சதை கிழியத் திருகுகிறது. எரியும் பீடி விரலைச் சுட்டாலும் விடுவதில்லை. காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணோம் என்ற மர்மமும் இருந்தது. இரவில் விழித்திருந்து பார்த்தபோது, தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. வலி தெரிந்தால்தானே விழிப்பார்? அதன் பிறகு நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட மருத்துவ உபகரணங்களில் ஒன்று... பூனை!

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் நண்பர்களே, இதைவிட நல்ல இன்ஜினீயரிங் தீர்வு எனக்குத் தெரியாது. பழுதின் உண்மையான காரணத்தைக் கண்டுபிடி, பிறகு இருப்பதிலேயே மலிவான தீர்வைக் கொடு.

ஒரு கயிற்றை நாலாகப் பிரித்தல்

நம் விரல் ஒவ்வொன்றையும் மடக்க முன்கையிலிருந்து இரண்டு தசைநாண்கள் வருகின்றன. ஒன்று போதும், மற்றது உபரி. இந்த உபரி நாண்களில் ஒன்றை எடுத்து, நாலாகப் பிரித்து, வேறு வழியில் விரல்களுக்குக் கொண்டுபோய்த் தைத்தால் மடங்கிய விரல்களை நிமிர்த்தலாம். பிராண்டும் அவர் குழுவும் 1940-களின் இறுதியில் வேலூரில் இதைச் செய்து காட்டினார்கள். மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு உடனே புரியும்: மோட்டார் நன்றாக இருக்கிறது, பெல்ட் மட்டும் வேறு கப்பிக்கு மாற்றப்பட்டிருக்கிறது. பிறகு மூளைக்குப் புதிய வழியைக் கற்றுக்கொடுக்க வாரக்கணக்கில் பயிற்சி. தச்சு வேலை செய்து பழகிய கைதான் இதைச் செய்தது என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் வந்தது, அது மருத்துவச் சிக்கல் இல்லை. கை நிமிர்ந்து வெளியே போன சிலர் திரும்பி வந்து குறைபட்டுக்கொண்டார்கள். முன்பு மடங்கிய கையைப் பார்த்துப் பிச்சையாவது போட்டார்கள். இப்போது கை நன்றாக இருப்பதால் பிச்சையும் இல்லை, தழும்பைப் பார்த்து வேலையும் இல்லை! அறுவைச் சிகிச்சை வெற்றி, நோயாளி பட்டினி. 1950-களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு ஏற்பட்டது இதற்காகத்தான். அங்கே தச்சு வேலை, மர பொம்மை செய்வது என்று தொழில் கற்றுக்கொடுத்தார்கள். வேலூருக்கு அருகே கரிகிரியில் ஷீபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் 1950-களில் எழுந்தது.

1954-இல் அதே சி.எம்.சி.யின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவருடைய ஆசிரியர்கள் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியபோது அதன் உயிராக இருந்தவர் அவர். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

செருப்பு

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். கையைச் சரிசெய்தாலும் காலில் புண் ஆறவில்லை. ஆறினாலும் திரும்ப வந்தது. ஏன்?

ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். எடை 120 சதுர செ.மீ. பாதத்தில் சமமாகப் பரவினால், ஒரு சதுர செ.மீ.க்கு அரை கிலோ. அதே எடை 10 சதுர செ.மீ.யில் குவிந்தால், சதுர செ.மீ.க்கு 6 கிலோ. பன்னிரண்டு மடங்கு! நமக்கெல்லாம் அப்படி ஓரிடத்தில் அழுத்தினால் நம்மை அறியாமலே காலை மாற்றி வைப்போம், சற்று நொண்டுவோம், உட்கார்ந்துகொள்வோம். வலி தெரியாத கால் இதில் எதையும் செய்யாது. அதே இடத்திலேயே ஆயிரக்கணக்கான அடிகள் எடுத்து வைக்கும். ஒரே ஒரு பெரிய அடியைவிட, இந்தச் சின்ன அழுத்தம் திரும்பத் திரும்ப வருவதுதான் சதையைக் கொல்கிறது. உலோகத்தில் 'ஃபெட்டீக்' என்று படித்தோமே, கிட்டத்தட்ட அதுதான்.

தீர்வு, அழுத்தத்தைப் பரப்புவது. மெழுகு, பிளாஸ்டர் அச்சு, பிளாஸ்டிக், தோல் என்று வேலூரில் எத்தனையோ சோதனைகள். கடைசியில் நிலைத்தது நுண்ணறைகள் கொண்ட ரப்பர், மைக்ரோ செல்லுலார் ரப்பர். சதை போல அமுங்க வேண்டும், ஆனால் தட்டையாகிப் போய்விடக் கூடாது. ஷோர் அளவில் சுமார் 15 கடினம். கீழே முள் ஏறாத உறுதியான அடிப்பாகம், குதிகாலைப் பிடிக்கும் வார். ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டவோ தைக்கவோதான் வேண்டும். ஆணி கழன்றால் அணிகிறவருக்குத் தெரியாதே! இதுதான் எம்.சி.ஆர். செருப்பு. இன்று நாடு முழுவதும் தொழுநோய்த் திட்டத்தில் கொடுக்கப்படுகிறது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும் டாக்டர்கள் இதைத்தான் எழுதித் தருகிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் இப்போது போட்டிருக்கக் கூடும்.

அழகு பற்றியும் ஒரு வார்த்தை. தொழுநோய்க்காரர் செருப்பு என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி இருந்தால், எவ்வளவு நல்ல ரப்பராக இருந்தாலும் யாரும் போடமாட்டார்கள். ஊரில் நாலு பேர் போடுகிற செருப்பு மாதிரி இருக்க வேண்டும். டிசைன் என்பதில் மானமும் சேர்ந்திருக்கிறது என்பதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

அணைத்து வைக்கக்கூடிய வலி

1966-இல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பணமும் இருந்தது, எலக்ட்ரானிக்ஸும் இருந்தது. "வலி இல்லாததுதானே பிரச்சினை? செயற்கையாக வலியைச் செய்துவிடுவோம்" என்று ஒரு குழு வேலையில் இறங்கியது. கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை உணரும் சென்சார்கள். அழுத்தம் மிஞ்சினால் காதில் ஓர் ஒலி எழும்பும், அல்லது விளக்கு மின்னும்.

நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள், வேலையைத் தொடர்ந்தார்கள்! சரி என்று, உணர்ச்சி இருக்கும் இடத்தில், அக்குளில், மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஆபத்தான வேலை ஒன்றைச் செய்ய வேண்டுமென்றால் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்கள். சில வருடங்களுக்குப் பிறகு அந்த முயற்சி கைவிடப்பட்டது.

நாம் எல்லோரும் யோசிக்க வேண்டிய இடம் இது. சென்சார் சரியாக வேலை செய்தது, கம்பியும் சரி, கணக்கும் சரி. ஆனால் அணைத்து வைக்க முடிகிற வலி, வலியே இல்லை. அது வெறும் தகவல். தகவல் இருந்தால் போதும், மனிதன் திருந்திவிடுவான் என்று நம் தொழிலில் ரொம்பப் பேர் நம்புகிறோம். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்ற பழமொழி அந்த நம்பிக்கையை எப்போதோ மறுத்துவிட்டது.

தொட்டவரும் தள்ளிவைத்தவர்களும்

கிறிஸ்தவ மிஷனரிகள் எல்லாம் நல்லவர்கள், மற்றவர்கள் எல்லாம் தூங்கினார்கள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது, விளம்பரம் ஆகும்.

சுவிசேஷத்தில் இயேசு தொழுநோயாளியைக் குணமாக்குகிற பகுதியைப் படித்திருப்பீர்கள். ஒரு வார்த்தையால் முடிந்திருக்கும் காரியத்துக்குக் கையை நீட்டித் தொட்டார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் வருகிறது. அந்தத் தொடுதல்தான் பல டாக்டர்களை இந்த வேலைக்கு இழுத்தது, உண்மை. ஆனால் அதே வேதாகமத்தின் லேவியராகமத்தில் இப்படிப்பட்டவரைப் பாளையத்துக்கு வெளியே வைக்கும் சட்டமும் இருக்கிறது. அதைச் சொல்லித் தள்ளி வைத்தவர்களும் சபைக்குள்ளேதான் இருந்தார்கள். லேவியராகமத்தில் வரும் எபிரெயச் சொல் பலவிதமான தோல் கோளாறுகளையும், துணியிலும் சுவரிலும் படியும் பூசணத்தையும்கூடக் குறிக்கிறது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அது இன்று நாம் சொல்லும் தொழுநோய் அல்ல. தமிழில் அது 'குஷ்டரோகம்' என்று வந்துவிட்டது. இன்றும் சில பிரசங்கங்களில் "பாவம் என்னும் குஷ்டம்" என்று கேட்கிறேன். கேட்கும் கூட்டத்தில் அந்த நோய் வந்து குணமானவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? போதகர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏழையாகத் தெருவில் திரியும் தொழுநோயாளியைப் போலீஸ் வாரண்டு இல்லாமல் பிடிக்கலாம். அது மத்திய சட்டப் புத்தகத்திலிருந்து முழுமையாக நீங்கியது 2016-இல். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகள் நீக்கப்பட்டது 2019-இல். மருந்து கண்டுபிடித்து எத்தனை வருடம் கழித்து, பாருங்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயை நாட்டளவில் குறைத்தது மிஷன் மருத்துவமனைகள் மட்டும் அல்ல. 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 1983-இல் இந்தியா தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது பத்தாயிரம் பேருக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள். 2005 டிசம்பரில் அது பத்தாயிரத்துக்கு ஒன்றுக்குக் கீழே வந்தது. வீடு வீடாகப் போய்த் தோலில் தேமல் பார்த்து, மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்தவர்கள் சம்பளம் வாங்கும் சாதாரண சுகாதார ஊழியர்கள். எல்லா மதத்தவரும், எந்த மதமும் வேண்டாம் என்பவர்களும் அதில் உண்டு. மலைக்கு நடந்து போனவர்களும் அவர்களே. வேலூரும் கரிகிரியும் "இது முடியும்" என்று காட்டின. அரசுதான் அதை எல்லோருக்கும் கொண்டுபோனது. முன்மாதிரிக்கும் விநியோகத்துக்கும் உள்ள வித்தியாசம் இன்ஜினீயர்களுக்குத் தெரியும்.

நோய் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2022-23-இல் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டார்கள். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவச மாத்திரை. ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். அவ்வளவுதான்.

மலைமேல் ஒரு கண்

இப்போது ஜவ்வாது மலைக்கு மேலே ஏறுவோம். ஆலங்காயத்துக்கு அப்பால், கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்குச் சற்று மேலே, காவலூர். வேணு பாப்பு என்ற வானியல் மேதை, தென்னகத்தில் இருண்ட வானம் எங்கே என்று தேடி இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் கொடைக்கானல் பணிமனையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியுடன் வேலை தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியிலிருந்து 102 செ.மீ. கருவி வந்தது. பிறகு, இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி. பாப்பு அதைப் பார்க்கவில்லை, 1982-இல் மறைந்துவிட்டார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்து அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்.

1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நிகழ்ச்சியைக் காவலூரின் 102 செ.மீ. தொலைநோக்கி கவனித்துக்கொண்டிருந்தது. கோள் மறைக்கும் நேரத்துக்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சற்றே மங்கியது. அமெரிக்கர்கள் விமானத்தில் வைத்துப் பறந்த தொலைநோக்கியிலும் அதே மாதிரி மங்கல். யுரேனசுக்கு வளையங்கள் இருப்பது இப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. 260 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு மெல்லிய வளையம் சில நொடி வெளிச்சத்தை மறைத்ததை, நம் ஜவ்வாது மலை உணர்ந்துகொண்டது! நினைத்தால் மார்பு விரிகிறது.

அதே மலைத்தொடரின் இன்னொரு பக்கம், அணைக்கட்டு வட்டாரத்து அல்லேரி மலையில், 2023 மே மாதம் ஒரு குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிலிருந்து கீழே கொண்டுவரச் சரியான சாலை இல்லை. குழந்தை இறந்தது. திரும்பும் வழியில் சாலை முடிந்த இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றுவிட, பெற்ற தாய் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலை ஏறி நடந்தாள். பத்திரிகைகளில் வந்த பிறகுதான் கீழே இருக்கிற நமக்குத் தெரிந்தது.

நான் வானியலைக் குறை சொல்லவில்லை. காவலூர் வேண்டும், இன்னும் பத்துக் காவலூர் வேண்டும். தொலைநோக்கியை மூடினால் சாலை வந்துவிடப் போவதும் இல்லை. நான் கேட்பது வேறு: வளையம் மறைத்த வெளிச்சத்தை உணர்ந்த அதே நாட்டின் உடம்பில், இந்தக் கால் மட்டும் ஏன் மரத்துப்போயிற்று?

உடம்பில் ஓர் உறுப்பு பாடுபட்டால் மற்ற உறுப்புகளும் கூடப் பாடுபடும் என்ற கருத்தைப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதினார். அதை நாம் ஏதோ அழகான உவமை என்று நினைத்துக்கொண்டு போகிறோம். வேலூர் டாக்டர்கள் கண்டுபிடித்ததோடு சேர்த்துப் படியுங்கள். வலியைப் பகிர்ந்துகொள்ளாத உறுப்பு அழிவது நோயால் அல்ல, கவனிப்பின்மையால். சதை அழுகி விழவில்லை. யாருக்கும் தெரியாமல் எலி கடித்தது.

கணக்கில் விழாத ஊர்கள்

சாலை போடாததற்குக் காரணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்வது நம் தொழில். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேர் உள்ள குடியிருப்பு என்று வரம்பு வைத்தது. மலை மாநிலங்களுக்கும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கும் வரம்பு 250 பேர். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆக, நாற்பது ஐம்பது வீடுகள் கொண்ட மலை ஊர், சட்டத்தின் கண்ணில் மலையும் இல்லை, பெரிய ஊரும் இல்லை. மாநிலத் திட்டங்களைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

அடுத்தது காடு. வனத்துறை நிலத்தில் சாலை போட அனுமதி வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இதற்கு ஒரு வாசல் வைத்திருக்கிறது. பள்ளி, மருந்தகம், குடிநீர்க் குழாய், சாலை போன்றவற்றுக்கு, ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டுவது என்றால், கிராம சபை பரிந்துரைத்து அனுமதி பெறலாம். இதற்கு அளவு எடுத்த வரைபடம் வேண்டும், மரக் கணக்கு வேண்டும், வடிகால் எங்கே, சிறுபாலம் எங்கே என்று எழுதிய மதிப்பீடு வேண்டும். கிராம சபையில் யார் இதைப் போட்டுக்கொடுப்பது? மனு எழுதத் தெரிந்தவர் ஊரில் இருக்கலாம். சர்வே எடுக்கத் தெரிந்தவர் இருக்கமாட்டார்.

நம் கல்லூரியில் சிவில் படிக்கிற தம்பி தங்கைகளே, சர்வே கேம்ப் என்று ஒவ்வொரு வருடமும் போகிறீர்கள். எத்தனையோ தலைமுறை அளந்த மேட்டையே மறுபடி அளந்து, பழைய ரெக்கார்டைப் பார்த்து எழுதி... சிரிக்காதீர்கள், நாங்களும் அதே ஆசாமிகள்தான். அந்தக் கேம்பை ஒரு மலை ஊருக்குச் சாலைத்தடம் எடுப்பதாக மாற்றினால் என்ன? வரைபடத்தைக் கிராம சபைக்குக் கொடுத்துவிட்டு வரலாம். ஊரார் சாலை வேண்டாம், குடிநீர்தான் முதலில் என்றால் அதற்கு லெவல் எடுத்துக் கொடுக்கலாம். எது வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். எப்படி என்று நாம் சொல்வோம். சங்கத்தில் ரிட்டயர் ஆன நெடுஞ்சாலைத் துறைப் பெரியவர்கள் உண்டு. மதிப்பீடு சரியா என்று அவர்கள் பார்த்துக்கொடுத்தால் எந்த அலுவலகத்திலும் அதைத் தூக்கிப் போட முடியாது. இது தர்ம காரியம் அல்ல, தொழில்.

விசுவாசத்துக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு வருகிறேன். எம்.சி.ஆர். செருப்பில் சிலுவை அடையாளம் கிடையாது. போட்டுக்கொண்டவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று அந்த ரப்பர் கேட்டதில்லை. அதைச் செய்தவர்களில் பலர் ஜெபம் பண்ணிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தவர்கள். ஆனால் ரப்பரின் கடினம் 15-க்குப் பதில் 30 ஆகிப்போனால் ஜெபம் அந்தக் காலைக் காப்பாற்றாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். என் புத்திக்கு எட்டியவரை, வேலையில் விசுவாசம் தெரிய வேண்டிய இடம் இரண்டுதான். ஒன்று, யாருடைய வலியை நம் வலியாக எடுத்துக்கொள்கிறோம். இரண்டு, அளவு சரியாக இருக்கிறதா. முதலாவது இல்லாமல் இரண்டாவது வெறும் சாமர்த்தியம். இரண்டாவது இல்லாமல் முதலாவது வெறும் கண்ணீர்.

மலர்க்குழுவுக்கு ஒரு விண்ணப்பத்துடன் முடிக்கிறேன். இந்த ஆண்டு பொதுக்குழுவில் பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்த பிறகு, சர்வே கேம்ப் பற்றிய இந்த யோசனைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். துறைத் தலைவரும் இரண்டு மூத்த இன்ஜினீயர்களும் ஒத்துக்கொண்டால் டிசம்பர் விடுமுறையிலேயே ஓர் ஊருக்குப் போய்ப் பேசிவிட்டு வரலாம். டோட்டல் ஸ்டேஷன் கருவி ஏற்பாடு செய்வது என் பொறுப்பு.